கத்தரீனா ஷ்ராட்டைத் தேடி ஆறு நாள்கள்

கல்லூரி நாடகக் குழுவில் முதன்முதலாக வேடம் கட்டிய நாளிலிருந்து, மேடைக் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரிய நடிகை கத்தரீனா ஷ்ராட்டின் பெயர் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் "பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் தோழி" என்ற அடைமொழியோடுதான் அவர் அறிமுகமாகிறார். 1872 முதல் 1900 வரை மேடையில் உழைத்த ஒருவரை அந்த அடைமொழி முழுதாக மறைத்துவிட்டதே என்ற ஆற்றாமை பல ஆண்டுகளாக இருந்தது. அவர் பிறந்த ஊர், நடித்த இடங்கள், கோடைக்காலங்களைக் கழித்த மலையூர், இறுதியில் அடங்கிய மண் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன். அன்றன்றைக்கு இரவில் எழுதி வைத்தவற்றைச் சற்றே திருத்தி இங்கே தருகிறேன்.

2024 அக்டோபர் 9, புதன் – பாடன்

வியன்னாவின் ஆப்பரா மாளிகை அருகிலிருந்து பாடன் நகருக்கு ஒரு டிராம் வண்டி செல்கிறது. நகரத் தெருக்களில் டிராமாக ஊர்ந்து, ஊர் எல்லை தாண்டியதும் ரயிலைப்போல வேகம் எடுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாடனின் யோசப் சதுக்கத்தில் இறக்கிவிடுகிறது. கடந்த மாத நடுவில் பெய்த பெருமழையில் கீழ் ஆஸ்திரியா மாநிலம் முழுவதுமே பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் தடமாக, வழியில் சில வயல்களில் சேறு இன்னும் காயாமல் கிடந்தது.

பாடனில் இறங்கியதும் முதலில் வரவேற்பது கந்தக நெடி. வெந்நீர் ஊற்றுகளால் வாழ்ந்த ஊர் இது. பேரரசர்களும் பேத்தோவனும் உடல்நலம் தேடி வந்த ஊர். 1853 செப்டம்பர் 11 அன்று ஒரு வணிகக் குடும்பத்தில் கத்தரீனா இங்கே பிறந்தார். பெண் பிள்ளை மேடையேறுவதைப் பெற்றோர் விரும்பவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் அரிதாரம் பூசுவதா என்ற அந்தக் கேள்வி நம் ஊரிலும் நெடுங்காலம் கேட்ட கேள்விதான் என்பதால், அதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவருடைய சிறுவயதைத் தொட்டுக் காட்டும் பொருள் ஏதேனும் கிடைக்குமா என்று நண்பகல் வரை தெருத் தெருவாக நடந்தேன். இப்போது இருக்கும் நகர நாடக அரங்கு 1909இல் கட்டப்பட்டது. அவர் சிறுமியாகக் கண்ட அரங்கு இதுவன்று. ஒரு தாள்–எழுதுபொருள் கடையில் விசாரித்தபோது, கடைக்கார அம்மையார் ஷ்ராட்டின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, பேரரசருக்கு அவர் சுட்டுக் கொடுத்த குகல்ஹுப்ஃப் கேக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். என்ன வேடங்களில் நடித்தார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கும் குரலில், "அது தெரியவில்லையே" என்றார்.

அக்டோபர் மாதம் இங்கே 'ஷ்டுர்ம்' காலம். பாதி நொதித்த திராட்சைச் சாறு அது. இனிப்பும் புளிப்பும் நுரையுமாக இருக்கும். சாலையோரக் கடை ஒன்றில் பூசணிச் சூப்போடு ஒரு கோப்பை அருந்தினேன். இரண்டுக்குமாகப் பதினொரு யூரோ. சுவை பிடித்துப்போய்ச் சிவப்பு ஷ்டுர்மில் ஒரு பாட்டிலும் வாங்கினேன். பொட்டலம் கட்டும்போது கடைக்காரர் கையை நிமிர்த்திக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்காமலேயே தலையாட்டிவிட்டேன். நொதித்துக்கொண்டே இருக்கும் சாறு வெடித்துவிடாமல் இருக்க, அந்தப் பாட்டிலை இறுக மூடுவதே இல்லையாம். பாட்டிலை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். டிராமில் நான் கண்ணயர்ந்த நேரத்தில் பை சாய்ந்து, பாதிச் சாறு குறிப்பேட்டில் இறங்கிவிட்டது. எதிரில் இருந்த இளைஞர் தம் கைக்குட்டைத் தாள்களை எல்லாம் எடுத்துக் கொடுத்து, தரையையும் தாமே குனிந்து துடைத்தார். நன்றி சொன்னபோது, "எல்லாருக்கும் ஒருமுறை இப்படி ஆகும்" என்றார்.

அக்டோபர் 10, வியாழன் – வியன்னா, இல்லாத இரண்டு அரங்குகள்

காலையிலிருந்து தூறல். நடிகையின் ஆரம்ப காலத்தை நடந்தே தொடர்வதென்று முடிவு செய்திருந்தேன். 1872இல் பெர்லின் அரசவை அரங்கில் முதல் மேடை. அங்கே நல்ல பெயர் கிடைத்தும் ஒரே ஆண்டில் தாயகம் திரும்பி, வியன்னாவில் ஹைன்ரிஷ் லாவ்பே நடத்திய நகர அரங்கில் சேர்ந்தார். லாவ்பே அதற்கு முன் வியன்னாவின் அரசவை அரங்கான பூர்க் தியேட்டரையே இயக்கியவர். நடிகர்கள் வசனத்தைச் சொல்லும் முறையில் மிகக் கண்டிப்பானவர். இருபது வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு ஆசான் வாய்த்ததை நான் பெரிய பேறாகக் கருதுகிறேன்.

அந்த நகர அரங்கு 1884இல் தீக்கிரையானது. அதே இடத்தில் எழுந்த ரொனாக்கர் அரங்கில் இன்று இசை நாடகங்கள் நடக்கின்றன. வாசலில் நின்று, ஒளிரும் விளம்பரப் பலகைகளுக்குக் கீழே எரிந்துபோன பழைய மேடையைக் கற்பனை செய்ய முயன்றேன். மழை வலுத்ததால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

அங்கிருந்து மிகாயெலர் சதுக்கம். அரண்மனையின் பெரிய குவிமாட வாசல் இருக்கும் பக்கத்தில்தான் பழைய பூர்க் தியேட்டர் நின்றது. பந்து விளையாடும் கூடமாக இருந்ததை மரியா தெரசா அரசி காலத்தில், 1741இல், நாடகத்துக்கென்று ஒப்படைத்தார்கள். நெருக்கமும் புழுக்கமுமான சிறிய கொட்டகைதான். ஆனால் மேடையில் முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். 1883இல் ஷ்ராட் இங்கே சேர்ந்தார். 'கிராமமும் நகரமும்' என்ற நாடகத்தில் கள்ளங்கபடமற்ற கிராமத்துப் பெண்ணாக அவர் மேடையேறியதைப் பேரரசர் கண்டதும் அந்த ஆண்டில்தான். துன்பியல் நாடகங்களில் அரசோச்சிய சார்லோட்டே வோல்டரின் இடம் வேறு. ஷ்ராட்டின் வலிமை நகைச்சுவையிலும், இயல்பான பேச்சிலும், வியன்னா மக்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாக எண்ணிக்கொள்ளும் கலகலப்பிலும் இருந்தது. இலேசாகத் தெரியும் நடிப்பை இலேசான உழைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். நகைச்சுவை வேடம் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

இந்தக் கொட்டகையை இடிப்பதற்கு முன், அதன் உள்தோற்றத்தை வரைந்து வைக்கும்படி நகர மன்றம் இளம் ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட்டைப் பணித்தது. மேடையில் நின்று பார்வையாளர்களைப் பார்ப்பதுபோல அவர் வரைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அன்றைய பிரமுகர்களின் முகங்கள் நுணுக்கமாகத் தெரியும் அந்த ஓவியத்தில் ஷ்ராட்டும் இருக்கிறார். மேடையில் வேடத்தோடு நிற்க வேண்டியவர் அங்கே பார்வையாளர் கூட்டத்தில் ஒருவராக அமர்ந்திருக்கிறார். கடைசி நாடகம் நடந்தது 1888 அக்டோபர் 12. நாளை மறுநாளோடு 136 ஆண்டுகள். குவிமாடத்தின் கீழே குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குளம்பொலியைக் கேட்டபடி மழை விடும்வரை நின்றேன்.

மாலையில் ஒரு காப்பிக் கடையில் மெலாஞ்ச் காப்பி 5.90 யூரோ. வெள்ளித் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்திருக்கச் சொல்லாமல் இருப்பது இவ்வூர் மரபு. கறை படிந்த குறிப்பேட்டின் பக்கங்களை அங்கேயே ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினேன். பரிமாறுபவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்து மேசையையும் எனக்காக ஒதுக்கித் தந்தார்.

அக்டோபர் 11, வெள்ளி – பூர்க் தியேட்டர்

வட்டச் சாலையில் நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் இன்றைய பூர்க் தியேட்டர், பழையது மூடப்பட்ட இரண்டாம் நாள், 1888 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டது. கோட்ஃப்ரீட் செம்பரும் கார்ல் ஹாசனாவரும் வடிவமைத்த கட்டடம். மாடிப்படிகளின் மேல்விதானத்தில் கிளிம்ட் சகோதரர்களும் ஃபிரான்ஸ் மாட்ஷும் நாடகக் கலையின் வரலாற்றையே தீட்டி வைத்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் அரங்கைக் காட்டும் ஓவியத்தின் ஓரத்தில், வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு கிளிம்ட் தம்மையே வரைந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. இரண்டு படிக்கட்டுகளையும் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

இத்தனை அழகாகக் கட்டியும் நடிகர்களுக்கு இந்த அரங்கு பெருந்துன்பமாக இருந்தது. பல இருக்கைகளிலிருந்து மேடை தெரியவில்லை, குரல் எடுபடவில்லை. "நாடாளுமன்றத்தில் ஒன்றும் கேட்காது, நகர மண்டபத்தில் ஒன்றும் தெரியாது, பூர்க்கில் கேட்கவும் கேட்காது, தெரியவும் தெரியாது" என்று வியன்னா மக்கள் சொல்லிக்கொண்டார்கள். 1897இல்தான் பார்வையாளர் கூடத்தை மாற்றிக் கட்டினார்கள். சிறிய கொட்டகையில் தாழ்ந்த குரலில் நயமாகப் பேசிப் பழகிய ஷ்ராட், முப்பத்தைந்து வயதில் இந்தப் பெருங்கூடத்துக்கு வந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்தக் குறையோடு போராட வேண்டியிருந்தது. அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் பேரரசரோடு அவர் உலாவிய காலைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். இந்த ஒன்பது ஆண்டுகளைப் பேசுவோர் அரிது.

இரவு நாடகத்துக்கு நின்று பார்க்கும் இடத்துக்கான சீட்டு எடுத்தேன். விலை நேற்றுக் குடித்த காப்பியைவிடக் குறைவு. கம்பளிக் கோட்டோடு உள்ளே செல்ல முயன்ற என்னை வாசற்காப்பாளர் மெல்லத் தடுத்து, உடை வைக்கும் அறைக்குத் திருப்பி அனுப்பினார். நான் திரும்பி வருவதற்குள் முன்வரிசைக் கம்பி முழுவதும் கழுத்துத் துணிகள் கட்டப்பட்டிருந்தன. துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் அவருடையது. யாரும் அதைத் தொடுவதில்லை. செய்வதறியாமல் நின்றபோது, எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் தம் துணியை ஒரு சாண் நகர்த்திக் கட்டி, "வாருங்கள், இருவருக்கும் போதும்" என்று ஆங்கிலத்தில் அழைத்தார்.

இடைவேளையில் அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரும் புதையல். அரசவைக் காலத்து மரபுப்படி, பூர்க் தியேட்டரின் சொந்த நடிகர்கள் நாடகம் முடிந்தபின் திரைக்கு முன்னால் வந்து வணங்கக் கூடாது என்ற விதி இருந்தது. முடியாட்சி போன பிறகும் அது நீடித்து, 1983இல்தான் நீங்கியது. "நான் இளம்பெண்ணாக இங்கே நின்றபோது, கை சிவக்கத் தட்டுவோம். திரை அசையாது. விளக்குகளை ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகும் தட்டுவோம், அவர்கள் அறையில் இருந்து கேட்கட்டும் என்று," என்றார் அவர்.

அப்படியானால் ஷ்ராட் இந்த நிறுவனத்தில் இருந்த பதினேழு ஆண்டுகளில், பார்வையாளர் முன் வந்து தலை வணங்கும் வழக்கமே அவருக்கு இருந்திருக்காது. ஒப்பனை அறையில் அமர்ந்து, அரிதாரத்தைக் கலைத்தபடி, சுவருக்கு அப்பால் எழும் கைதட்டலைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்? நாடகம் முடிந்து இன்றைய நடிகர்கள் ஐந்து முறை வந்து வணங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

அக்டோபர் 12, சனி – பாட் இஷ்ல் செல்லும் வழி

சீட்டு, ரயில் விவரங்களை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஷ்ராட் கோடைக்காலங்களைக் கழித்த மலையூரான பாட் இஷ்லுக்குப் புறப்பட்ட இன்று எழுதாமல் முடியவில்லை. செப்டம்பர் வெள்ளத்தில் வியன்னாவுக்கு மேற்கே செல்லும் புதிய இருப்புப்பாதை மூழ்கிச் சேதமடைந்ததால், வண்டிகளைப் பழைய பாதையில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அட்நாங்–புக்ஹைம் சந்திப்பை அடைந்தபோது, மலைப்பாதை வண்டி எங்கள் கண்முன்னே வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அடுத்த வண்டிக்குக் குளிரில் நெடுநேரம் காத்திருந்தோம். பாட்டி ஒருவர் தம் பேரக் குழந்தைகளுக்கு வைத்திருந்த ரொட்டியில் ஒரு துண்டை எனக்கும் நீட்டினார். வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ட்ரவுன் ஏரிக்கரையை ஒட்டி வண்டி செல்லும்போது மழை நின்று, பாறைச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஈயம்போல் கிடந்தது. களைப்பு பாதி குறைந்தது. குடையை மட்டும் வண்டியிலேயே மறந்துவிட்டு இறங்கினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு – பாட் இஷ்ல்

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடைகள் திறப்பதில்லை. குடை வாங்க வழியின்றி, நூல் நூலாக இறங்கும் இந்தப் பகுதியின் ஓயாத மழையில் நனைந்தபடியே நடந்தேன். விடுதி நடத்தும் அம்மையார் என்னைப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை ஓடிவந்து, கணவரின் பெரிய கறுப்புக் குடையைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

1853 ஆகஸ்டில் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கும் எலிசபெத்துக்கும் மண உறுதி நடந்த ஊர் இது. அடுத்த மாதம்தான் பாடனில் கத்தரீனா பிறந்தார். அந்த எலிசபெத்தே பிற்காலத்தில் கணவருக்கு ஷ்ராட்டைத் தோழியாக்கி வைத்தார் என்பது வியப்பூட்டும் செய்தி. 1885இல் க்ரெம்ஸியர் நகரில் ரஷ்யப் பேரரசருக்கு விருந்தளித்தபோது ஷ்ராட்டும் வோல்டரும் அங்கே நடித்தார்கள். நாடகம் முடிந்து நடிகர்களையும் விருந்துக்கு அழைத்தது அன்று பெரும் பேச்சானது. அடுத்த ஆண்டு எலிசபெத், ஷ்ராட்டின் உருவப்படத்தை ஹைன்ரிஷ் ஃபான் ஆங்கெலியிடம் வரையச் சொல்லிக் கணவருக்குப் பரிசளித்தார். சுற்றிச் சுற்றிப் பயணங்களிலேயே வாழ்ந்த அரசி, தனிமையில் இருந்த கணவருக்குப் பேச்சுத் துணை தேடினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1888இல் பேரரசர் எழுதிய கடிதம் ஒன்றில், தம் மனைவியை நேசிப்பதாகவும், அவரது நம்பிக்கைக்கும் ஷ்ராட்டுடனான நட்புக்கும் கேடு செய்ய விரும்பவில்லை என்றும் தெளிவாகக் கூறியிருக்கிறார்.

பேரரசரின் கோடை மாளிகையில் மான் கொம்புகள் சுவரெங்கும் தொங்குகின்றன. 1914இல் செர்பியா மீதான போர் அறிவிப்பில் அவர் கையெழுத்திட்ட மேசையும் அங்கேதான். வழிகாட்டி ஷ்ராட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். இரண்டிலும் கேக் இருந்தது. நகரத்துக்கு மேற்கே, ஷ்ராட் கோடையில் தங்கிய வில்லா வரை ஈரச் சாலையில் நடந்தேன். வாயில் மூடியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று மரப் பலகணிகளையும் சொட்டும் கூரையையும் மட்டுமே பார்க்க முடிந்தது. விடியலுக்கு முன்னே எழுந்துவிடும் அந்த முதிய பேரரசர் காலை உணவுக்கு இங்கே வருவார். அதற்குள் ஷ்ராட் எழுந்து, உடுத்தி, புது அரங்கச் செய்திகளோடு தயாராக இருக்க வேண்டும். இரவு மேடையும் விடிகாலை விருந்தும் ஒரே உடலைக் கேட்ட வாழ்க்கை அது.

பிறகு 1832 முதல் நடக்கும் ட்சௌனர் இனிப்பகத்தில் குகல்ஹுப்ஃப் கேட்டு வாங்கினேன். ஷ்ராட் வீட்டில் சுட்டது சரியாக வராத நாளில் உதவ, அன்று இக்கடையில் ஒன்று எப்போதும் தயாராக இருக்குமாம். அதன் வளைந்த விளிம்பில் சர்க்கரைத்தூள் படிந்து, உள்ளே மஞ்சள் நிறத்தில், தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தது. காப்பியில் நனைத்துத் தின்றேன். உண்மையாகவே மிக நன்றாக இருந்தது. ஆகவே கேக்கின் மீது எனக்கு இருந்த கோபம் தணிந்தது.

அக்டோபர் 14, திங்கள் – ஹீட்ஸிங்

அதிகாலை வண்டியில் வியன்னா திரும்பி, நேரே ஹீட்ஸிங். ஷோன்பிரன் அரண்மனைப் பூங்காவுக்கு அருகே, குளோரியெட்டெகாஸே 9ஆம் எண் வீடு ஷ்ராட்டினுடையது. மஞ்சள் இலைகள் நடைபாதையில் வழுக்கின.

1900இல் அவர் பூர்க் தியேட்டரை விட்டு விலகினார். இயக்குநர் பால் ஷ்லெண்டருடன் ஒத்துப்போகவில்லை. பேரரசரின் தோழி என்பதால் நல்ல வேடங்கள் கிடைக்கின்றன என்று பேசியவர்கள், பேரரசரின் தோழியாக இருந்தும் அந்த விலகலைத் தடுக்க முடியவில்லை என்பதைப் பேசவில்லை. 1903இல் மக்கள் அரங்கில் மரியா தெரசா அரசியாக மீண்டும் நடித்தார். 1916 நவம்பர் 21 அன்று பேரரசர் இறந்தபோது, புதிய பேரரசர் கார்ல் ஷ்ராட்டை உள்ளே அழைத்துச் செல்ல, அவர் இரண்டு வெள்ளை ரோஜாக்களை உடலின்மீது வைத்தார். அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், பதிப்பாளர்கள் பணத்தோடு வந்தும், நினைவுக் குறிப்பு எதையும் வெளியிடவில்லை. 1940 ஏப்ரல் 17 அன்று, 86 வயதில் மறைந்தார்.

ஹீட்ஸிங் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. வாசல் பூக்கடையில் வெள்ளை ரோஜாக்களும் இருந்தன. எடுக்கக் கை நீண்டது. ஆனால் ரோஜா மீண்டும் பேரரசரின் கதைக்கே இழுத்துச் செல்லும் என்று தோன்றவே, அனைத்துப் புனிதர் நாளுக்காக அடுக்கி வைத்திருந்த எரிக்காச் செடிகளில் ஒன்றை 4.50 யூரோவுக்கு வாங்கினேன்.

கல்லறையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்துக் கல்லறையில் இலைகளை வாரிக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்து, "பேரரசருக்காக வந்தீர்களா?" என்று கேட்டார். நாடகத்துக்காக வந்தேன் என்றேன். என் அரைகுறை ஜெர்மன் புரிந்ததோ இல்லையோ, வாருகோலைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். ஷ்டுர்ம் கறை படிந்த குறிப்பேட்டைத் திறந்து, பெர்லின், நகர அரங்கு, கிராமத்துப் பெண் வேடம், மரியா தெரசா என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் எனக்குப் பின்னால் திருப்பிச் சொன்னார். பிறகு தம் பூவாளியை எடுத்துவந்து, எரிக்காவின் வேரில் சிறிதளவே தண்ணீர் விட்டு, "இதற்கு அதிகம் ஊற்றக் கூடாது; நான் வியாழக்கிழமை வருவேன், பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.